எங்கள் ஊர் மெம்பரை இழந்த கதை

என் வாயால்தான் பாலிகரன் ஊர் தன் மெம்பரை இழந்தது என்று சந்தையில் என் காதுபடவே பேசுகிறார்கள். பேசட்டும். இத்தனை தலைமுறையாக அந்த மெம்பர் பார்லிமெண்டில் உட்கார்ந்து இந்த ஊருக்கு என்ன கிழித்தார் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் வராது. ஒருவர் கோர்ட்டுக் கட்டடத்துக்குக் கடிகாரம் வாங்கித் தந்தார். வந்த நாள் முதல் அது ஓடவில்லை. இன்னொருவர் ஆற்றுக்குப் புதுப் பாலம் கட்டித் தருகிறேன் என்று நான்கு தேர்தலில் சொன்னார். நாங்களும் நான்கு தடவையும் தொப்பியைத் தூக்கிப் போட்டுக் கத்தினோம்.

என் தாத்தா காலத்தில் பதின்மூன்று பேருக்குத்தான் ஓட்டு. அத்தனை பேரும் தார்ன்பரி பிரபுவின் மச்சான், மாமன், குதிரை வைத்தியன், சமையல்காரன். பிரபு கண்ணைக் காட்டிய ஆள் மெம்பர். பிறகு சட்டம் மாறி, கொஞ்சம் நல்ல வீட்டில் குடியிருப்பவனுக்கெல்லாம் ஓட்டு என்றார்கள். நானூறு பேர் ஆனார்கள். பதின்மூன்று பேர் தின்றதை நானூறு பேர் பங்கு போட்டுத் தின்றார்கள், அவ்வளவுதான் ஊர் கண்ட மாற்றம்.

என் புருஷன் ஃபீலிம் கார்மடி அந்த நானூறில் ஒருவர். சேணம் தைப்பது அவர் தொழில். வாய் அதிகம் பேசாத மனிதர். பேசினால் அதிலிருந்து மாறாத மனிதர். அவரோடு குடித்தனம் நடத்துவது சுலபம் இல்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு உன் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று புதன்கிழமை சொல்லிவிட்டால், ஞாயிறு மழை வானம் பொத்துக்கொண்டு கொட்டினாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

அவரைப் பற்றி ஊர் சொன்னது இது: கார்மடி வாக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஓட்டை விற்றான், விற்ற காசில் குடித்தான், குடித்துவிட்டு ஆற்றில் விழுந்து செத்தான். எனக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அது பொய் என்று ஊர் கேட்க யாராவது சொல்ல வேண்டும். பணம் வேண்டாம், பரிதாபம் வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும்.

எங்கள் ஊரில் அப்போது ஓட்டை வாயால் போடுவார்கள். கோர்ட்டு வாசலில் பலகையால் மேடை கட்டியிருக்கும். பெயரைக் கூப்பிட்டதும் மேலே ஏறி, இன்னாருக்கு என் ஓட்டு என்று உரக்கச் சொல்ல வேண்டும். கீழே ஊரே நின்று கேட்கும். ஒரு பெயரைச் சொன்னால் கூட்டத்திலிருந்து கல் பறக்கும். மற்றப் பெயரைச் சொன்னால் மறுவாரம் வாடகை ஏறும். முதுகில் அடி வாங்குவதா, வயிற்றில் அடி வாங்குவதா என்பதுதான் வாக்காளனுக்கு இருந்த சுதந்திரம்.

அந்த வருடம் ஒரு பக்கம் பிரபுவின் மகன் கேப்டன் தார்ன்பரி. மறுபக்கம் துணி வியாபாரி டெவரோ. டெவரோ ஒன்றும் புனிதர் இல்லை. அளவுகோலில் விரல் வைத்து அளக்கிற ஆள்தான். ஆனால் பஞ்ச காலத்தில் ஃபீலிமின் அம்மாவை வீட்டிலிருந்து இறக்கி, கூரையைப் பிரித்துப் போட்டது தார்ன்பரி குடும்பம். அந்த அம்மாள் ரோட்டோரப் பள்ளத்தில் கிடந்து செத்தாள். அப்போது ஃபீலிமுக்குப் பன்னிரண்டு வயது, தம்பி மாட் என்பவனுக்கு ஐந்து. அதனால் டெவரோவுக்குத்தான் என்று ஃபீலிம் கடைவாசலில் நின்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். கேப்டனின் வேட்டைக் குதிரைகளுக்குச் சேணம் தைக்கிற வேலை அதோடு நின்றது.

மாட் கதை வேறு. அவன் கேப்டனின் லாயத்தில் குதிரைக்காரனாக இருந்தான். லாயத்து மச்சில் படுக்கை, அங்கேயே சாப்பாடு. சொந்த வீடு இல்லாததால் அவனுக்கு ஓட்டு இல்லை.

"அம்மாவைக் கொன்னவன் வீட்டுச் சோறு உனக்கு எப்படிடா இறங்குது?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"பசிச்சா இறங்குது அண்ணி," என்றான்.

தேர்தல் நெருங்கினால் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, வாசல் மாவு. இரண்டு பக்கத்து ஆட்களும் ஓட்டுள்ள வீட்டு வாசலில் எல்லாம் மாவு மூட்டை வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் மறுப்பதும் இல்லை. மூட்டையைத் திருப்பி அனுப்பினால் சண்டைக்கு இழுத்ததாக அர்த்தம். டெவரோ மாவில் ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டுக் கேப்டனுக்குப் போட்டவர்கள் உண்டு. கேப்டன் மாவைத் தின்றுவிட்டு டெவரோவுக்குப் போட்டவர்கள் உண்டு. கிறிஸ்துமஸுக்குக் கேக் வருகிற மாதிரி அது. பாதிரியார் வீட்டு வாசலில்கூட வைப்பார்கள்.

இன்னொன்று, கூட்டில் போடுவது. கோழியை அடைக்கிற மாதிரி ஆளை அடைப்பது. தன் பக்கத்து ஆள் தாவிவிடாமல் இருக்க, எதிர்ப்பக்கத்து ஆள் மேடை ஏறாமல் இருக்க, ஏதாவது கிட்டங்கியிலோ ஆலையிலோ கொண்டுபோய் வைத்து, இறைச்சியும் சாராயமும் சீட்டுக்கட்டும் கொடுத்து, வாசலில் தடியர்களை நிறுத்திவிடுவார்கள். பாதிப் பேர் தாங்களாகவே விரும்பிப் போவார்கள். வீட்டில் எங்கே அந்தத் தீனி கிடைக்கிறது?

எதிர்வீட்டு ஹன்னா வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேட்பாள். "ஏன்டி சபீனா, உன் வீட்டுக்காரர் இந்த வருஷம் எந்தக் கூட்டுலடி? எங்க ஆளு நேத்தே கிளம்பிட்டாரு. போர்வையைக்கூட எடுத்துக்கிட்டுத்தான் போனாரு, மாமியார் வீட்டுக்குப் போற மாப்பிள்ளை மாதிரி."

"என் வீட்டுக்காரரை அடைக்கிற கூடு இன்னும் கட்டலைடி," என்றேன் நான். பெருமைதான், வேறென்ன.

ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், விளக்கேற்றுகிற நேரத்தில் மாட் வந்தான். கூட இரண்டு பேர். வீட்டுக்குள் வரவில்லை. ஃபீலிமை வாசலுக்குக் கூப்பிட்டு, லாயத்தில் ஒரு குதிரை சேணம் அறுந்து காலில் மாட்டிக்கொண்டு துடிக்கிறது, நீ வந்து அறுத்துவிட்டால்தான் உண்டு என்றான். குதிரை என்றால் ஃபீலிமுக்கு மனசு தாங்காது. கத்தியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு, முழங்கையில் நான் தோல் வைத்துத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

"காலையில மேடைக்குப் போகணும், ஞாபகம் இருக்கட்டும்," என்றேன்.

"ஏழு மணிக்கெல்லாம் வந்துருவேன்," என்றார்.

வரவில்லை. மறுநாள் காலை நான் லாயத்துக்கு ஓடினேன். மாட் இல்லை, அவரும் இல்லை. குதிரைகள் எல்லாம் சுகமாகப் புல் தின்றுகொண்டிருந்தன. சரி, கூட்டில் போட்டுவிட்டார்கள் என்று புரிந்தது. அடித்திருப்பார்களே என்று பயந்தேன். கோபமும் வந்தது. ஆனால் மேடை ஏறாவிட்டால் என்ன, மானம் போகவில்லையே என்று திரும்பி வந்து குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சினேன்.

மதியத்துக்கு மேல் ஹன்னா ஓடி வந்தாள். முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம். அடுத்த வீட்டில் இடி விழுந்தால் சிலருக்கு வருமே, அது.

"உன் புருஷன் போட்டுட்டார்டி! என் காதால கேட்டேன். மூடின வண்டியில, முன்னாலயும் பின்னாலயும் குதிரைப் பட்டாளம் வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. மழை வேற. காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டுத் தலையே நிமிரலை. ஃபீலிம் கார்மடின்னு கூப்பிட்டாங்க. கேப்டன் தார்ன்பரிக்குன்னு சொன்னார். அவர் குரல்தான், சத்தியமா."

"போடி பொய்க்காரி," என்றேன்.

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? போய் யாரை வேணாலும் கேளு. கல்லு விட்டாங்க பாரு, முதுகுல சுரீர்னு பட்டுச்சு. திரும்பிக்கூடப் பார்க்கலை."

நான்கு பேரைக் கேட்டேன். நான்கு பேரும் அதையேதான் சொன்னார்கள். இந்தக் கோட்டு, இந்தக் குரல். அன்று சாயங்காலம் முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தேன். அந்தக் கிழவி உன்னைப் பெற்றாளே, அவளுக்கு மூஞ்சியை எப்படிக் காட்டுவாய் என்று, இல்லாத ஆளைப் பார்த்துக் கத்தினேன். வீட்டுக்கு வரட்டும், கதவைத் திறக்க மாட்டேன் என்றும் சொன்னேன். குழந்தைகள் மூன்றும் சுவரோரம் ஒண்டி உட்கார்ந்திருந்தன. அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது.

கேப்டன் ஒன்பது ஓட்டில் ஜெயித்தான். அந்த வாரக் கடைசியில் பாலத்துக்குக் கீழே நாணலில் ஃபீலிம் பிணமாக ஒதுங்கினார். உடம்பில் கோட்டு இல்லை.

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை. பகையாளியும் வந்து முழங்காலில் நின்று ஜெபம் சொல்லிவிட்டு, ஒரு குழாய்ப் புகையிலை பிடித்துவிட்டுத்தான் போவான். நான் கடன் வாங்கிப் புகையிலையும் மண் குழாய்களும் தட்டில் அடுக்கி வைத்தேன். வந்தது என் அம்மா, ஹன்னா, ஃபாதர் கான்சிடைன், மாட், அவ்வளவுதான். அடுக்கிய குழாய்கள் அடுக்கியபடியே இருந்தன. அடக்கம் முடிந்த மறுநாள் எங்கள் ஜன்னலில் கல் விழுந்தது. என் மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில், "உங்கப்பன் வித்துட்டான்" என்று பாட்டாகவே பாடினார்கள்.

ஃபீலிமின் கோட்டை மாட்தான் கொண்டுவந்து கொடுத்தான். ஆற்றுத் தீவில் சாராயத்துக்குத் தானியம் முளைக்கவைக்கிற பழைய மால்ட் ஆலை இருக்கிறதல்லவா, அங்கே கிடந்ததாம்.

"அங்கே உனக்கு என்னடா வேலை?" என்றேன்.

கோட்டை நாற்காலி மேல் போட்டான்.

"உனக்குத் தெரியும் மாட். என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி," என்று சொல்லிவிட்டுக் கதவைக்கூடச் சாத்தாமல் போய்விட்டான்.

மறு வருடம் இலையுதிர் காலத்தில் கமிஷன் வந்தது. தோற்ற டெவரோ வழக்குப் போட்டதில், நீதிபதி எங்கள் ஊர் நாற்றம் பொறுக்காமல் மேலே எழுதிவிட்டார். டப்ளினிலிருந்து மூன்று வக்கீல்கள் வந்து கோர்ட்டில் உட்கார்ந்தார்கள். சாட்சிக் கூண்டு, பைபிள், சத்தியம் எல்லாம் இருந்தது. அதனால் நாங்கள் எல்லாரும் அதைக் கோர்ட்டு என்றே நினைத்தோம். கொலை செய்தவனைத் தூக்கில் போடும், நல்லவனை நல்லவன் என்று சொல்லும் என்று நினைத்தோம். அவர்கள் வந்ததோ இந்த ஊரில் ஓட்டு எவ்வளவு தூரம் அழுகிக் கிடக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு போவதற்கு. லஞ்சம் கொடுத்தது, வாங்கியது, அடைத்தது, ஆள் மாறிப் போட்டது, இவை மட்டும்தான் அவர்கள் கணக்கில் சேரும். நேரில் வந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னவனுக்கு ஒரு சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டு இருந்தால் அவன் சொன்னதை வைத்து அவன்மேல் எந்த வழக்கும் வராது. ஊரில் அதற்கு மன்னிப்புச் சீட்டு என்று பெயர். பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட அவ்வளவு வரிசை நின்றதில்லை.

நான் தினமும் லாயத்துக்குப் போனேன். மாட் என்னைக் கண்டால் குதிரைக்குப் பின்னால் ஒளிந்தான்.

"மாட், நீ சொன்னா உனக்குச் சீட்டுத் தருவாங்க. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுடா."

"நான் சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க அண்ணி."

"தாங்காம என்னத்தைத் தாங்கிக்கிட்டு இருக்கேன் இப்போ? என் பொண்ணு பள்ளிக்கூடம் போகமாட்டேங்குது. நீ சொல்லலைன்னா உங்கம்மா செத்த பள்ளத்துக்கு இழுத்துட்டுப் போய் அங்கே வெச்சுக் கேப்பேன் உன்னை."

அவன் அழுதான். முப்பதை நெருங்கிய ஆள், குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். மறுநாள் கோர்ட்டுக்கு வந்தான்.

கூண்டில் ஏறி அவன் சொன்னதை அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

"எல்லாரையும் ஆலை மச்சுல வெச்சிருந்தோம் ஐயா. அண்ணன் சாராயத்தைத் தொடலை. சீட்டும் ஆடலை. விடியுற நேரத்துல எல்லாரும் தூங்கினப்போ ஜன்னல் வழியா எறங்கி, மடைச் சுவர் மேல நடந்து கரைக்குப் போகப் பார்த்தாரு. நான் முழிச்சுட்டேன். ஓடிப் போய்ப் பின்னால பிடிச்சேன். போகாதே அண்ணே, வெளியில தடியோட நிக்கிறாங்க, அடிச்சே கொன்னுருவாங்கன்னு சொன்னேன். விடுடா, வாக்குக் கொடுத்திருக்கேன்னாரு. நான் விடலை. கோட்டைப் பிடிச்சு இழுத்தேன். அவரு கையை உருவிக்கிட்டாரு. கோட்டு என் கையில வந்துருச்சு. அவரு மடையில விழுந்துட்டாரு. தண்ணி ரொம்ப இருந்துச்சு ஐயா. கத்தக்கூட இல்லை."

தலைமைக் கமிஷனர், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், பேனாவைத் தூக்காமலே கேட்டார். "அவர் இறந்தது விடியற்காலையில் என்றால், பகல் மூன்று மணிக்கு அவர் பெயரில் ஓட்டுப் போட்டது யார்?"

மாட் கீழே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நான்தான் ஐயா. கேப்டனோட ஏஜென்ட் ஓடி வந்தாரு. செத்தவன் செத்துட்டான், ஓட்டு இன்னும் சாகலைன்னாரு. கோட்டு உன் கையிலயே இருக்கு, குரலும் ஒரே குரல், போட்டுக்கிட்டு வான்னாரு. எனக்குன்னு ஓட்டுக் கிடையாது ஐயா. என் வாழ்க்கையில நான் போட்ட ஒரே ஓட்டு அதுதான்."

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அவனைக் கொல்லத் தோன்றியது. அதே நொடியில் சந்தோஷமும் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷம். ஃபீலிம் விற்கவில்லை. ஃபீலிம் குடிக்கவில்லை. வாக்குக் கொடுத்திருக்கேன் என்று சொல்லிவிட்டுச் செத்திருக்கிறார். அதை ஊரே கேட்டது. ஹன்னா சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஜன்னலில் கல்லெறிந்த இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள்.

கமிஷனர் என்னைக் கூப்பிட்டார். பைபிளைத் தொட்டு முத்தமிட்டேன். கால் தரையில் பாவவில்லை எனக்கு. பெண்பிள்ளை என்று மரியாதையாகத்தான் கேட்டார். கோட்டைப் பற்றிக் கேட்டார், மாட் வந்து கூப்பிட்டதைப் பற்றிக் கேட்டார். எல்லாம் சொன்னேன்.

"தேர்தலுக்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு ஏதாவது வந்ததா அம்மா?"

"வாசல் மாவு வந்துச்சு ஐயா. ரெண்டு பக்கமும் வெச்சாங்க."

"உங்கள் கணவருக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அவர்தான் உள்ளே தூக்கிட்டு வந்து வெச்சாரு." எனக்கு வாய் நிற்கவில்லை. என் புருஷன் எப்பேர்ப்பட்டவர் என்று இந்த டப்ளின்காரர்களுக்குத் தெரிய வேண்டாமா? "மூட்டையைப் பார்த்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா ஐயா? கேப்டன் மாவைப் பிள்ளைங்க தின்னட்டும், என் ஓட்டை அவன் தின்ன முடியாதுன்னாரு. அப்படிப்பட்ட மனுஷன். மூட்டை மூட்டையாக் கொட்டினாலும் அவரை வாங்க முடியாது."

கோர்ட்டில் சிலர் கைகூடத் தட்டினார்கள். கமிஷனர் நன்றி சொன்னார். பேனா ஓடியது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கி வந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க என் குழந்தைகளிடம் ஊர் முகம் கொடுத்துச் சிரித்துப் பேசியது. மூத்தவள் பள்ளிக்கூடம் போனாள். ஃபீலிமின் கல்லறையில் யாரோ பூ வைத்திருந்தார்கள்.

வசந்த காலத்தில் கமிஷன் அறிக்கை அச்சாகி வந்தது. ஃபாதர் கான்சிடைன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். எனக்குப் படிக்கத் தெரியாது. அவர் மேசையில் அந்த நீலப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினார்.

"சபீனா, உக்காரும்மா."

"நிக்கிறேன் ஃபாதர். படிங்க."

லஞ்சம் வாங்கியவர்கள் என்று ஒரு பட்டியல். ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள். பல பெயருக்கு எதிரே, சீட்டு வழங்கப்பட்டது என்று இருந்தது. மாட்டின் பெயர் வேறொரு பட்டியலில், ஆள் மாறிப் போட்டவர்கள் பக்கத்தில், அதற்கு எதிரேயும் சீட்டு வழங்கப்பட்டது. பிறகு ஃபாதர் மெதுவாகப் படித்தார். "ஃபீலிம் கார்மடி, சேணம் தைப்பவர், இறந்தவர். கேப்டன் தரப்பில் மாவு பெற்றார். மனைவியின் சாட்சியம்." அவ்வளவுதான். எதிரே ஒன்றும் இல்லை. மடைச் சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை. வாக்குக் கொடுத்திருக்கேன் என்றாரே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"மாவு எல்லாருக்கும் வந்துச்சே ஃபாதர். உங்க வாசல்லயும் வெச்சாங்களே."

"எனக்கு ஓட்டில்லைம்மா, நான் குடியிருக்கிறது மடத்து வீடு," என்றார் ஃபாதர். முகம் சிவந்துவிட்டது. நல்ல மனிதர், ஆனால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

கமிஷனின் செக்ரட்டரி அப்போது ஜில்லாத் தலைநகரில் அறை எடுத்து மிச்ச வேலைகளை முடித்துக்கொண்டிருந்தார். வண்டி பிடித்துப் போனேன். இளம் வக்கீல், என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"அவர் ஓட்டே போடலையே ஐயா. அப்புறம் எப்படி வித்ததாகும்?"

"போடுவதும் போடாததும் வேறு அம்மா. வாக்காளர் தெரிந்தே வாங்கினால் அது லஞ்சம். சட்டம் அப்படி."

"எல்லாருக்கும் சீட்டுக் கொடுத்தீங்களே. அவருக்கும் ஒண்ணு கொடுங்க."

"நேரில் வந்து உண்மையைச் சொன்னவருக்குத்தான் சீட்டு. அவர் வந்து சொல்லியிருந்தால் கட்டாயம் கொடுத்திருப்போம்." அந்த இளைஞருக்கே தான் சொன்னது உறைத்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "ஒரு வழி இருக்கிறது," என்றார். "கடைசித் திருத்தப் பட்டியல் இன்னும் போகவில்லை. மாவு வந்தது உங்கள் கணவருக்குத் தெரியாது, நீங்கள் தப்பாகச் சொல்லிவிட்டீர்கள் என்று விவரம் தெரிந்தவர் யாராவது சத்தியப் பத்திரம் கொடுத்தால், பெயரை எடுக்க என்னால் முடியும்."

திரும்பி வருவதற்குள் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. பாலிகரனுக்கு இனி மெம்பர் கிடையாது, தொகுதியையே கலைக்க மசோதா வருகிறது என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். இனி தேர்தல் இல்லை, மாவு இல்லை, கூடு இல்லை, மழையில் நின்று கத்த ஒரு மேடைகூட இல்லை. யார் மேலாவது கோபப்பட வேண்டுமே. சாட்சி சொன்னவர்கள் நூற்றுக்கணக்கில், ஆனால் கை தட்டி ரசித்த சாட்சி என்னுடையதுதானே.

"நீ மாவைப் பத்தி வாயைத் திறந்ததாலதான்டி இவ்வளவும்," என்றாள் ஹன்னா. "எங்க ஆளு பேரும் வந்துருச்சு. உன் புருஷன் யோக்கியன்னு காட்டுறதுக்கு ஊரையே காட்டிக் கொடுத்துட்டே. கடைசியில அவனும் வாங்கினவன்தானே?"

அன்றைக்கு ஜன்னலில் மறுபடி கல் விழுந்தது. இந்தத் தடவை யார் எறிந்தது என்று பார்க்கக்கூட நான் எழுந்திருக்கவில்லை.

மாட் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறான் என்று கேள்விப்பட்டேன். போவதற்கு முன்னால் வந்தான். வாசலிலேயே நின்றான். மழிக்காத முகம், கையில் ஒரு சின்ன மூட்டை. ஃபாதர் அவனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார்.

"அண்ணி, நான் போற வழியில செக்ரட்டரியைப் பார்த்துட்டுப் போறேன். அந்த மாவை நான்தான் தூக்கிட்டு வந்து உள்ளே வெச்சேன், அண்ணனுக்கு அது தெரியவே தெரியாதுன்னு சத்தியம் பண்ணிக் கொடுக்கறேன். அண்ணன் பேரை எடுத்துருவாங்க."

நான் கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"யாருக்கும் தெரியாது அண்ணி. எனக்கு அது பெரிய விஷயம் இல்லை. அண்ணனுக்காக நான் இதாவது செய்யணும்."

அவன் குரல் ஃபீலிமின் குரலேதான். அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவரே வாசலில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. உள்ளே என் குழந்தைகள் இருந்தன. மூத்தவளுக்கு இரண்டு மூன்று வருடத்தில் கல்யாணப் பேச்சு வரும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயர் சுத்தமாகிவிடும். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று தெய்வத்துக்குத் தெரியும். அதற்காகத்தானே அத்தனை நாள் லாயத்து வாசலில் நாய் மாதிரி நின்றேன்.

"வேண்டாம்டா," என்றேன்.

"ஏன் அண்ணி?"

"அவர் பேர்ல நீ ஒரு தடவை பேசினது போதும்."

அவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். பாலம் வரைக்கும் போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். நான் கையைத் தூக்கவில்லை.

அந்தக் கோடையில் சட்டம் நிறைவேறியது. ஊருக்கு மெம்பர் இல்லை, மேடைப் பலகைகளை யாரோ அடுப்புக்கு உடைத்துக்கொண்டு போனார்கள். மூன்று வருடம் கழித்து மூத்தவளுக்கு ஒரு இடம் வந்தது, தோல் பதனிடுகிற நல்ல குடும்பம். பையனின் அம்மா என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தேநீரைத் தொடாமல், "மாவு வாங்கின கார்மடி வீடா நீங்க?" என்று கேட்டாள். வேறு கார்மடி என்று சொல்லியிருக்கலாம், ஊரில் கார்மடி நான்கு வீடு இருக்கிறது. என் மகள் கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா," என்றேன், "அந்த வீடுதான்."